அருளுக்கு ரசீது

நான் வேலை பார்க்கும் அருங்காட்சியகத்தின் பெயரை எழுதப் போவதில்லை. ரோமில் இருக்கிறது. திருச்சபைக்குச் சொந்தம். உள்ளே நுழைந்தவர் வெளியே வர ஏழு கிலோமீட்டர் நடக்க வேண்டும். இவ்வளவு தெரிந்தால் போதும். பெயரை எழுதினால் அடுத்த வருஷம் நான் ஓய்வு பெறும்போது வைக்கிற விருந்துக்கு யாரும் வர மாட்டார்கள். எழுதாவிட்டாலும் வர மாட்டார்கள், அது வேறு.

என் பெயர் நத்சரேனோ. பதினேழாம் அறையின் காவலன். இருபத்தாறு வருஷமாக ஒரே அறை, ஒரே நாற்காலி. உலகத்தில் உள்ள எல்லாத் தேசத்தாரும் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருக்கிறார்கள்: கூரையில் படம் வரைந்த அந்தக் கோவில் எங்கே? அது கடைசியில் இருக்கிறது. அதற்கு முன்னால் உள்ள ஐம்பத்து நாலு அறைகளும் அதற்குப் போகிற வழி. எகிப்து மம்மிகளும் வழி, சக்கரவர்த்திகளின் மூக்கில்லாத தலைகளும் வழி, என் அறையில் தங்கப் பூச்சுக்குள் உட்கார்ந்திருக்கும் இருபத்திரண்டு மாதாக்களும் வழி. இப்போதெல்லாம் ஆள் வாயைத் திறக்கும் முன்பே என் வலது கை எழுந்து திசையைக் காட்டிவிடுகிறது. வீட்டில் சாப்பிடும்போதுகூட ஒருமுறை காட்டியது. மற்ற நேரமெல்லாம் ஜன்னல் வழியாகத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மணிக்கணக்காகப் பார்ப்பேன், யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

எங்கள் இடத்தில் மெய்யாகவே வணங்கப்படுவது கூட்டத்தின் போக்கு. தினமும் இருபத்தைந்தாயிரம் பேர் உள்ளே வருகிறார்கள். அவர்கள் தேங்காமல் போய்க்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு ஒரு துறை, துறைக்கு ஒரு தலைவர், மோன்சிஞ்ஞோர் பெலிசாரி. மோன்சிஞ்ஞோர் என்பது பெரிய சாமியார்களுக்குத் திருச்சபை கொடுக்கிற பட்டம். ஊதாப் பொத்தான் வைத்த அங்கி, மென்மையான குரல், எப்போதும் காய்ந்திருக்கும் கைகள். அவர் எழுதிய விதிப் புத்தகத்தில் முப்பத்தொன்றாவது விதி இது: எந்தப் பார்வையாளரும் எந்தக் கலைப்பொருளின் முன்னும் தொண்ணூறு விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது, உட்காருதல், படுத்தல், மண்டியிடுதல் ஆகியவையும் நிற்பதாகவே கொள்ளப்படும். படுத்தலை ஏன் சேர்த்தீர்கள் என்று கேட்டதற்கு, ஒரு ஆகஸ்டில் ஒருவர் மயங்கி விழுந்தார் என்றார்கள். அவரையும் தொண்ணூறு விநாடிக்குள் எழுப்பிவிட்டார்களாம்.

மே மாதம் முதல் செவ்வாய்க்கிழமை எவாரிஸ்தோ வந்தார். அறுபத்தேழு வயது. சபீனா மலையில் ரோக்காமிந்தா என்ற சிற்றூரில் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். கல்யாணத்துக்கும் சாவுக்கும் போடுகிற கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அன்றைக்கு அவர் என் அறையைக் கடப்பது மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் கூட்டம் தள்ளிக்கொண்டு போய்விட்டது. எங்கள் இடத்தில் திரும்பி நடக்க முடியாது. கடைசிக் கோவில் வரை போய், தெருவுக்கு வந்து, மதிலைச் சுற்றிக்கொண்டு மறுபடி வாசலில் நிற்க வேண்டும். மூன்றாவது தடவை தூணைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தைப் போகவிட்டு, ஒன்பதாம் படத்தின் முன் வந்து நின்றார். நின்றவர் மெதுவாக முழங்காலில் இறங்கினார்.

இருபத்தாறு வருஷத்தில் என் அறையில் மண்டியிட்ட முதல் ஆள். எனக்குச் சிலிர்த்தது என்று சொல்ல ஆசைதான். எனக்கு முப்பத்தொன்றாம் விதிதான் ஞாபகம் வந்தது.

அவர் கோட்டுப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரித்தார். உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளி இதயம், நீல நாடா கோத்தது. வாசலில் சோதனை இயந்திரத்தில் பார்த்தவன் அதைப் புகையிலை டப்பா என்று நினைத்து விட்டிருக்கிறான். அவர் படச்சட்டத்தின் ஓரத்தைக் கையால் தடவி ஏதோ தேடினார்.

"எழுந்திருங்க ஐயா," என்றேன்.

"ஒரே நிமிஷம், தம்பி. மாட்டிட்டுப் போயிடறேன்."

"இங்க எதையும் மாட்டக் கூடாது. மண்டியும் போடக் கூடாது."

"மாதா முன்னாலயா?"

"படத்துக்கு முன்னால."

அவர் அவளை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். "இவ எங்க ஊர்க்காரி, தம்பி. இவளுக்கு என்னைத் தெரியும்," என்றார்.

படத்தின் கீழே இருந்த அட்டையில், 'மாதாவும் குழந்தையும். பெயர் தெரியாத ஓவியர். பதினான்காம் நூற்றாண்டு. வந்த இடம்: தெரியவில்லை' என்று இருந்தது. அவர்கள் ஊரில் அவளுக்கு 'விழித்திருக்கிறவள்' என்று பெயர். கண்களைப் பார்த்தால் தெரியும். குழந்தையைத் தூங்க வைத்துவிட்டுத் தான் தூங்காத பெண்ணின் கண்கள். எவாரிஸ்தோவுக்கு ஆறு வயதாக இருந்தபோது, பலகையில் பூச்சி அரிக்கிறது, மருந்து போட வேண்டும், மூன்று மாதம் போதும் என்று சொல்லி லாரியில் ஏற்றி ரோமுக்குக் கொண்டுபோனார்கள். ஊரே லாரிக்குப் பின்னால் ஓடிப்போய் வழியனுப்பியதாம். அன்றிலிருந்து ஊர்க் கோவில் பீடத்தில் அவளுடைய கலர் போட்டோ ஒன்று இருக்கிறது. பூச்சிக்கு இன்னும் மருந்து போட்டு முடியவில்லை என்று நினைக்கிறேன்.

அவர் கதை சின்னது. ஈஸ்டருக்கு முன்னால் தவக்காலத்தில் ஒரு காலை, அவர் மனைவி எர்சீலியா மாவு பிசைந்துகொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். தலைக்குள் இரத்தக் கசிவு. பத்தொன்பது நாள் கண் திறக்கவில்லை. பத்தொன்பதாம் நாள் எவாரிஸ்தோ கட்டிலைப் பிடித்துக்கொண்டு விழித்திருக்கிறவளிடம் நேர்ந்துகொண்டார்: இவளை எழுப்பிக் கொடு, மே மாதத்துக்குள் உனக்கு ஒரு வெள்ளி இதயம் மாட்டுகிறேன். அன்று மத்தியானம் எர்சீலியா கண்ணைத் திறந்து, "கோழிக்குத் தீனி வெச்சாச்சா?" என்று கேட்டாள்.

போட்டோவின் மேலேயே மாட்டிவிடு, மாதாவுக்கு எல்லாம் ஒன்றுதான் என்று பங்குச்சாமி சொல்லியிருக்கிறார். "போட்டோவுக்கு நான் நேர்ந்துக்கலை," என்றார் எவாரிஸ்தோ. மலைக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் விளையாட்டே கிடையாது. நேர்ந்ததைச் செலுத்தாவிட்டால் கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்வாள் என்று பயம். எர்சீலியாவுக்கு அதற்குள்ளேயே பகலில் தலை சாய ஆரம்பித்திருந்தது. மேஜையில் உட்கார்ந்தபடியே கண் சொருகுமாம், இவர் உலுக்குவாராம்.

எனக்கு இரக்கம் வந்தது. இரக்கம் வந்த அரசாங்க ஆள் என்ன செய்வானோ அதைச் செய்தேன். அலுவலகத்துக்கு அனுப்பினேன்.

பார்வையாளர் மண்டியிட்டால் அது ஒரு சம்பவம். சம்பவத்துக்குச் சாட்சி வேண்டும். அதனால் என்னையும் கூப்பிட்டார்கள். இரண்டாம் மாடியில் பதிவாளர் ஒர்தென்சியா அம்மையார் இருந்தார். கழுத்தில் இரண்டு கண்ணாடி, ஒன்று தூரத்துக்கு, ஒன்று பொருள்களுக்கு. பொருள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இதயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நடுவில் பி. ஜி. ஆர். என்று மூன்று எழுத்து வெட்டியிருந்தது. யாருடைய பெயர் என்று கேட்டார்.

எங்கள் நாட்டில் எந்தக் கோவில் சுவரிலும் இந்த மூன்று எழுத்தைப் பார்க்கலாம். நேர்த்திக்கடன் இதயம், கால், கை, கண் எல்லாவற்றிலும் இருக்கும். 'பேர் கிராத்சியா ரிச்சேவூத்தா', அதாவது 'பெற்ற அருளுக்காக'. ஆனால் எங்கள் பேச்சில் பெற்றதற்கும் ரசீதுக்கும் ஒரே சொல்தான், ரிச்சேவூத்தா. மருந்துக் கடையில் கேட்டாலும் அதுதான், மாதாவிடம் சொன்னாலும் அதுதான். எவாரிஸ்தோ விளக்கிச் சொன்னார். அம்மையார் எழுதிக்கொண்டார்.

"சரி, எங்கே ரசீது?"

"ரசீது இல்லீங்கம்மா. பெத்த அருள்."

"பெத்ததுன்னா ரசீது இருக்கணுமே. யார் குடுத்தது, யார் வாங்கினது, என்ன தேதி. பொருள் மேலயே எழுதியிருக்கு. இல்லாததை நான் கேக்கலை."

எவாரிஸ்தோ என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைத் தேடினேன், அந்த அறையில் ஜன்னல் இல்லை.

அடுத்த வாரம் அவர் ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதங்களைக் கொண்டுவந்தார். அம்மையார் எல்லாவற்றையும் பொறுமையாகப் படித்துவிட்டு, இதில் மருத்துவர்கள் குணப்படுத்தியதாக அல்லவா இருக்கிறது என்றார். ஒரு அருளை இரண்டு பேர் வழங்க முடியாது. மருத்துவர் கொடுத்திருந்தால் இதயத்தை ஆஸ்பத்திரியில் மாட்ட வேண்டும். மாதா கொடுத்திருந்தால் மருத்துவர் தான் கொடுக்கவில்லை என்று எழுதித் தர வேண்டும். எவாரிஸ்தோ மறுபடி பேருந்து ஏறினார். அந்த மருத்துவர் நல்ல மனிதராக இருந்திருக்க வேண்டும். ஒரே வரி எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்: 'நோயாளி ஏன் விழித்தார் என்று எனக்குத் தெரியாது, எனக்கு மிகவும் சந்தோஷம்.'

அம்மையாரின் முகம் முதல் தடவையாக மலர்ந்தது. எங்கள் படிவங்களில் 'தெரியாது' என்பதற்கு இடம் உண்டு. பல இடம் உண்டு. அருள், ஒன்று. வந்த இடம்: தெரியவில்லை. முத்திரை விழுந்தது. ஆனால் வெளிப்பொருள் ஒன்று பதிவுப்பொருள் ஒன்றின் அருகே வர வேண்டுமானால் குழு கூட வேண்டும், அதுவரை இதயம் இங்கேயே காப்பில் இருக்கட்டும், மூன்று மாதம்தான் என்றார். மூன்று மாதம் என்றதும் எவாரிஸ்தோவின் கை இதயத்தின் மேல் போய் நின்றது.

"அப்போ இதுக்கு ஒரு ரசீது குடுங்கம்மா," என்றார்.

ஒர்தென்சியா அம்மையார் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டார். தூரக் கண்ணாடி. "இது திருச்சபை, ஐயா," என்றார். "எங்க மேல நம்பிக்கை இல்லையா?"

அவர் வெட்கப்பட்டுக் கையை எடுத்துக்கொண்டார். மே மாதம் முடிந்தது. வீட்டுக்குப் போனால் எர்சீலியா கேட்பாள், "மாட்டியாச்சா?" குழு கூடப் போகிறது என்று சொல்லுவார். அவள் குழுவில் யார் யார் என்று கேட்டாளாம். சாமியார்களும் படித்தவர்களும் என்று சொன்னதும் எழுந்து கோழிகளைப் பார்க்கப் போய்விட்டாளாம்.

ஜூன் கடைசியில் குழு கூடியது. நீண்ட மேஜை, பதினோரு பேர், நடுவில் மோன்சிஞ்ஞோர் பெலிசாரி. அவருக்கு வலப்பக்கம் மரச்சிதைவு நிபுணர், மீசைக்காரர். எவாரிஸ்தோவும் நானும் சுவரோரம் உட்கார்ந்தோம். முதலில் நிபுணர் பேசினார். ஒன்பதாம் படத்தின் ஓரங்களில் இருநூற்று முப்பத்தொரு துளைகள் இருக்கின்றன. எல்லாம் ஒரு வகை வண்டு போட்டவை. இந்த வண்டு உலகத்தில் வேறெந்தப் பலகையிலும் காணப்படவில்லை என்பதால் அதற்குத் தன் பெயரையே வைத்திருக்கிறார். இரண்டு புத்தகம் எழுதியாகிவிட்டது, மூன்றாவது அச்சில்.

எவாரிஸ்தோ கையைத் தூக்கினார், பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கியவர் அல்லவா. "அது வண்டு இல்லீங்க, ஆணி. ஊர்ல எல்லாரும் அங்கதான் இதயம் மாட்டுவோம். இடப்பக்கம் கீழேயிருந்து மூணாவது எங்கம்மாவுது. நான் பொறந்ததுக்கு மாட்டினது."

"துளைகள் மிக நேர் வரிசையில் இருக்கின்றன," என்றார் நிபுணர்.

"அதான் சொல்றேன். எந்த வண்டு அளவெடுத்து ஓட்டை போடும்?"

"அதுதான் இந்த வண்டின் சிறப்பு."

எல்லாரும் தலையாட்டினார்கள். எவாரிஸ்தோ விடவில்லை. சரி, வந்த இடம் தெரியவில்லை என்று போட்டிருக்கிறீர்களே, நான் சொல்கிறேன், ரோக்காமிந்தா என்று எழுதிக்கொள்ளுங்கள் என்றார். அப்போதுதான் மோன்சிஞ்ஞோர் எழுந்தார். அவர் பேச்சை நான் சேவைக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அன்று எனக்கு அதைத் தவிர வேறு வேலை இருக்கவில்லை.

"அன்பான எவாரிஸ்தோ," என்றார், "தெரியவில்லை என்பது அறியாமை அல்ல. அது ஒரு கொள்கை. ஊர் தெரிந்தால் ஊர்க்காரர் தெரிவார். ஊர்க்காரர் தெரிந்தால் கேட்பார். உங்களைப் போன்றவர்களுடைய மனம் அப்படிக் கேட்டு வேதனைப்படக் கூடாது என்றுதான் நாங்கள் நூற்றாண்டுகளாகத் தெரியாமல் இருக்கிறோம். செபத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருவர் மண்டியிட்டுச் செபிக்கும்போது அவர் மூச்சு தரையிலிருந்து தொண்ணூறு சென்டிமீட்டர் உயரத்தில் வெளிவருகிறது. நம் பழைய வண்ணங்கள் அந்த உயரத்தில்தான் இருக்கின்றன. அழுதால் இன்னும் மோசம், கண்ணீரில் உப்பு இருக்கிறது. நானும் செபிக்கிறவன்தான், ஆனால் வீட்டில், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு. இந்தப் படங்களை உண்டாக்கியது விசுவாசம், மறுக்கவில்லை. அவற்றை விசுவாசத்திடமிருந்து காப்பாற்றுவது எங்கள் பொறுப்பு."

கைதட்டினார்கள். எவாரிஸ்தோவும் தட்டினார். சாமியார் பேசி முடித்தால் தட்ட வேண்டும் என்று நினைத்திருப்பார். பிறகு என் காதருகே குனிந்து, "முடியாதுங்கறாரா, முடியும்கறாரா?" என்று கேட்டார்.

ஜூலையில் கோப்பு நகர்ந்தது. ஆகஸ்டில் ரோமில் எவனும் கையெழுத்துப் போட மாட்டான், எல்லாரும் கடற்கரையில் கிடந்தார்கள். செப்டம்பரில் மோன்சிஞ்ஞோருக்கு ஒரு கருத்துக்கணிப்பு வந்தது. பார்வையாளர்கள் கடைசிக் கோவிலைத் தவிர எதையும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லையாம். நூற்றுக்கு எட்டுப் பேர், அது ஒரு மத சம்பந்தமான இடம் என்றே தங்களுக்குத் தெரியாது என்று எழுதியிருந்தார்களாம். வழியில் ஏதாவது உயிருள்ளதாக வேண்டும் என்று முடிவானது. அப்போது யாருக்கோ எவாரிஸ்தோ ஞாபகம் வந்தது.

திட்டத்துக்கு 'வாழும் பக்தி' என்று பெயர். ஒவ்வொரு புதன்கிழமையும் பத்து நாற்பதுக்கு எவாரிஸ்தோ ஒன்பதாம் படத்தின் முன் ஐந்து நிமிஷம் மண்டியிடலாம். முப்பத்தொன்றாம் விதியிலிருந்து விலக்கு உண்டு, ஏனென்றால் அவர் இனிப் பார்வையாளர் அல்ல, காட்சிப்பொருள். படத்திலிருந்து இரண்டரை மீட்டர் தள்ளி, சிவப்புக் கயிற்றுக்குள். மூச்சுக்காகக் கண்ணாடித் தடுப்பு. வெள்ளி இதயம் காற்றில் கறுக்கும் என்பதால் அதே அளவில் செயற்கைப் பிசினில் வார்த்த இதயம் ஒன்று தருவார்கள். அதைக் கயிற்றுக் கம்பத்தில் மாட்டிவிட்டு ஐந்தாவது நிமிஷம் எடுத்துக்கொள்ள வேண்டும். அசல் இதயம் கிடங்கில் பத்திரமாக இருக்கும்.

எவாரிஸ்தோ ஒப்புக்கொண்டார். "தூரமா இருந்தாலும் அவ பாக்கற தூரம்தானே," என்றார். மலையிலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்தார். அக்டோபர் முதல் புதன்கிழமை நான்தான் கயிற்றைத் திறந்துவிட்டேன். அவர் கறுப்புக் கோட்டில் மண்டியிட்டார். அருகே ஒரு அட்டை: 'பக்தர். லாட்சியோ மலைப்பகுதி. இருபத்தோராம் நூற்றாண்டு. தொடாதீர்கள்.' கீழே, பார்வையாளர்கள் விளக்கம் கேட்கிற காதுக்கருவிக்கான எண், இருநூற்றுப் பதினேழு. அந்த எண்ணை அழுத்தினால் எர்சீலியாவின் கதையைப் பதினோரு மொழிகளில் கேட்கலாம். வந்த இடம் தெரிந்த ஒரே காட்சிப்பொருள் என் அறையில் அவர்தான்.

கூட்டம் நின்றது. என் அறையில் கூட்டம் நின்றதை அன்றுதான் பார்த்தேன். போட்டோ எடுத்தார்கள். குடை பிடித்த வழிகாட்டி ஒருத்தி, கொஞ்சம் முகத்தை இந்தப் பக்கம் திருப்பச் சொல்லுங்கள் என்று என்னிடம் கேட்டாள். ஒரு குழந்தை அவர் உண்மையான ஆளா என்று கேட்டது. ஐந்து நிமிஷம் முடிந்து எழுந்தபோது அவருக்கு முகம் வேர்த்திருந்தது.

"ஒரு வார்த்தை வரலை, தம்பி," என்றார். "அருள் நிறைந்த மரியே-ன்னு ஆரம்பிச்சேன். அதுக்கப்புறம் என்னன்னு மறந்துபோச்சு. சின்ன வயசிலேருந்து சொல்றது."

"அடுத்த வாரம் வந்துடும், அண்ணே."

அடுத்த வாரமும் வரவில்லை. எர்சீலியாவின் தூக்கம் நீண்டுகொண்டே போனது. காலையில் இரண்டு மணி நேரம் விழித்திருப்பாள். அந்த இரண்டு மணி நேரத்தில் கோழியைக் கேட்பாள், அப்புறம் இதைக் கேட்பாள். மாட்டியாச்சா? பிசின் இதயத்தைச் சொல்லலாமா என்று என்னிடம் கேட்டார். ஆமாம் மாட்டியாச்சு என்று சொல்லிவிடுங்கள் என்றேன். "அவகிட்ட நான் பொய் சொன்னதில்லை. விழிச்சிருக்கவ வேற பாத்துட்டிருக்கா," என்றார்.

அசலைக் கேட்டு அவர் நான்கு மனு எழுதினார். நானும் ஒன்று எழுதினேன். வாழும் பக்தி நல்ல வரவேற்பைப் பெற்றிருப்பதால் தற்போது மாற்றம் எதுவும் தேவையில்லை என்று மோன்சிஞ்ஞோர் பதில் போட்டார். பி. ஜி. ஆர். என்று எழுதிய சாவிக்கொத்து வாசல் கடையில் விற்பனைக்கு வந்தது.

நவம்பர் மாதம் இரண்டாவது புதன்கிழமை பத்து நாற்பதுக்குக் கூட்டம் கயிற்றைச் சுற்றி நின்றது, ஆள் இல்லை. பதினொன்றரைக்கு வந்தார். அதே கறுப்புக் கோட்டு. ஆனால் அன்று அதை எதற்குப் போட்டிருக்கிறார் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. திங்கட்கிழமை மத்தியானம் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. நாளைக்கு அடக்கம். அவளோடு பெட்டியில் வைக்க அந்த இதயம் வேண்டும் என்றார்.

நானே அவரை இரண்டாம் மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஒர்தென்சியா அம்மையார் எழுந்து நின்று அனுதாபம் சொன்னார். உண்மையான அனுதாபம்தான், அதில் குறை சொல்ல மாட்டேன். பிறகு உட்கார்ந்து பேரேட்டைத் திறந்தார். கிடங்கு மூன்று, அலமாரி நாற்பது, 'இதயம், வெள்ளி, வந்த இடம்: தெரியவில்லை.' விரலை அந்த வரியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"ஒப்படைச்சதுக்கு ரசீது இருக்குங்களா?"

சாட்சியாக நான் இருக்கிறேன், இவர்தான் கொடுத்தார் என்றேன். மண்டியிட்ட சம்பவத்துக்கு மட்டும்தான் நீங்கள் சாட்சி என்றார் அம்மையார். மேலும், அருள் நடப்பில் இல்லாத நிலையில் பொருளின் மேலுள்ள எழுத்துகள் சரியா என்பதையே மறுபரிசீலனை செய்ய வேண்டியிருக்கும் என்றார்.

எவாரிஸ்தோ கத்தவில்லை. மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, எனக்குச் சொல்வது போல மெதுவாகச் சொன்னார்: "விழிச்சிருக்கவ ஏழு மாசம் குடுத்தா, தம்பி. அவ என்கிட்ட ரசீது கேக்கலை." அப்புறம் கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு, ஊருக்கு இரண்டு மணிப் பேருந்து இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பின் அவர் வரவில்லை.

அன்று முழுக்க நான் நாற்காலியில் உட்கார்ந்து ஒன்றைத்தான் யோசித்தேன். மோன்சிஞ்ஞோரை, அம்மையாரை, வண்டுக்காரரை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம், திட்டினேன். ஆனால் அந்த மே மாதக் காலையில் இதயம் அவர் கையில் இருந்தது. சட்டத்தின் ஓரத்தில் ஒரு ஆணித்துளை கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அறையில் இருந்த ஒரே தடை நான். வழக்கம்போல நான் ஒரு நிமிஷம் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருந்தால் போதும். இருபத்தாறு வருஷத்தில் அந்த ஒரு நிமிஷம்தான் நான் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறேன்.

அடுத்த வாரம் சேவை ஆணை வந்தது. காதுக்கருவியில் பதிவு செய்தாகிவிட்டதாலும் பார்வையாளர் ஏமாற்றமடையக் கூடாது என்பதாலும் பக்தர் வராத புதன்கிழமைகளில் பதினேழாம் அறையின் காவலர் அப்பணியைச் செய்வார். கறுப்புக் கோட்டு அலுவலகம் வழங்கும். கோட்டு எனக்குத் தோளில் கொஞ்சம் பெரிது. மோன்சிஞ்ஞோர் ஒத்திகைக்கு வந்து, கையை இன்னும் சற்றுக் கீழே கூப்பலாம், இயல்பாக இருக்கும் என்றார்.

இன்று புதன்கிழமை. பத்து நாற்பதுக்குக் கயிற்றுக்குள் மண்டியிட்டேன், பிசின் இதயத்தை மாட்டினேன். சுற்றிலும் காதுக்கருவிகளில் இருந்து பூச்சி முனகுவது போல இருநூற்றுப் பதினேழாம் எண் கேட்கிறது. மனைவி கண் விழித்ததற்கு நன்றியாக இந்த எளிய மனிதர் இன்றும் வாரந்தோறும் மலையிலிருந்து வருகிறார் என்கிறது. எர்சீலியா பதினோரு மொழிகளில் விழித்திருக்கிறாள், கோழியைக் கேட்கிறாள். எதிரே விழித்திருக்கிறவள் என்னைப் பார்க்கிறாள். நான் அருள் நிறைந்த மரியே என்று ஆரம்பித்தேன். அதற்கடுத்த சொல் வரவில்லை, அந்த மனிதருக்கு வராமல் போன அதே இடத்தில். வரும் வரைக்கும் இருப்போம் என்று இருக்கிறேன். தொண்ணூறு விநாடி ஆயிற்று, ஐந்து நிமிஷம் ஆயிற்று, போக்கு தேங்கிக் கூட்டம் பதினாறாம் அறை வரை நிற்கிறது. எழுந்திருங்க ஐயா என்று என்னிடம் வந்து சொல்ல வேண்டியவன் இந்த அறையின் காவலன். அவன் நாற்காலி காலியாக இருக்கிறது.